அடிக்கடி 'ட்ரிப்' ஆகும் எம்சிபி: மறுபடி மேலே தள்ளும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

இரவு ஏழரை மணி. ஹாலில் ஏசி ஓடுகிறது. அடுப்படியில் இண்டக்ஷன் ஸ்டவ்வில் குழம்பு கொதிக்கிறது. நாளைக்கான யூனிஃபார்மைத் தேய்க்கலாம் என்று அயர்ன் பாக்ஸைச் சொருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம். பாதி வீடு இருட்டு.

இப்படி ஆனதும் எல்லோரும் முதலில் செய்வது, பால்கனிக்குப் போய் பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால், "நம்ம வீட்லதான் பிரச்சினை" என்று முடிவாகிவிடும். அடுத்து கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்திருக்கும் சுவிட்சை மேலே தள்ளுவோம். கரண்ட் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டப்'. நான்கைந்து முறை இப்படி ஆனதும், "இந்த எம்சிபி வீக் ஆயிடுச்சு, பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

இதில் உண்மையிலேயே ஆபத்தானது அந்தக் கடைசி யோசனைதான். பெரும்பாலான நேரங்களில் அடிக்கடி விழும் எம்சிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எது விழுந்தது? எப்போது விழுந்தது?

பெட்டிக்குள் இருப்பது என்னென்ன?

டிபி பாக்ஸ் என்று சொல்லப்படும் அந்தப் பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சில சுவிட்சுகள் தெரியும். எல்லாமே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு வேறு.

சின்னச் சின்னதாக வரிசையில் இருப்பவை எம்சிபி. ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதிக்கானது: ஹால் லைட், அடுப்படி பிளக், பாத்ரூம் ஹீட்டர், ஏசி என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். முகப்பில் சி16, சி20, பி10 என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த எண் எத்தனை ஆம்பியர் என்பதைக் குறிக்கிறது.

அவற்றைவிட அகலமாக, ஓரத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்னப் பொத்தானுடன் ஒன்று இருந்தால் அது ஆர்சிசிபி. பழைய பழக்கத்தில் பலரும் இதை ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். இதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்ற அளவு இருக்கும். இது விழுந்தால் பெரும்பாலும் முழு வீடும் இருட்டாகிவிடும்.

சில வீடுகளில் இவற்றோடு ஐசொலேட்டர் என்ற மெயின் சுவிட்சும் இருக்கும். அது தானாக விழாது, கையால் ஆன் ஆஃப் செய்வதற்கு மட்டும்தான்.

ஆகவே கரண்ட் போனதும் சுவிட்சைத் தள்ளுவதற்கு முன், எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எம்சிபி விழுவதும் ஆர்சிசிபி விழுவதும் இரண்டு வேறு புகார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது "ட்ரிப் ஆகுது" என்று மட்டும் சொல்வதற்குப் பதில், "ஆர்சிசிபி விழுது" அல்லது "அடுப்படி எம்சிபி விழுது" என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எம்சிபி ஏன் விழுகிறது?

எம்சிபிக்குள் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர், இன்னொருவர் அவசரக்காரர்.

நிதானமானவர், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. அளவுக்கு மீறி கரண்ட் போனால் பட்டை சூடாகும். இரண்டு உலோகங்களும் வேறு வேறு அளவில் விரிவதால் அது வளையும். வளைந்து ஒரு கட்டத்தில் கொக்கியை விடுவித்துவிடும். ஓவர்லோடு என்று சொல்வது இதைத்தான்.

அவசரக்காரர் ஒரு காயில். ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொண்டால் ஒரு நொடிக்குள் கரண்ட் பல மடங்கு எகிறும். அப்போது காயில் காந்தமாகி, கண் இமைக்கும் நேரத்துக்குள் சுவிட்சைத் தட்டிவிடும். இது ஷார்ட் சர்க்யூட். எம்சிபியின் முகப்பில் இருக்கும் எழுத்து இந்தக் காயிலைப் பற்றியது. பி வகை என்றால் அதன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கில் தட்டும், சி வகை என்றால் 5 முதல் 10 மடங்கில். சி16 என்றால் 80 முதல் 160 ஆம்பியருக்குள்.

நிதானமானவரின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 17 ஆனதும் உடனே விழும் என்று நினைப்போம். அப்படி இல்லை. தர விதிப்படி, எழுதியிருக்கும் அளவைப்போல 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது சுமார் 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். கரண்ட் கூடக்கூட நேரம் குறையும்.

நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். வாட்ஸை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

• 2000 வாட்ஸ் இண்டக்ஷன் ஸ்டவ்: 8.7 ஆம்பியர்
• 2000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர்: 8.7 ஆம்பியர்
• 1500 வாட்ஸ் எலெக்ட்ரிக் கெட்டில்: 6.5 ஆம்பியர்
• 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ்: 4.3 ஆம்பியர்
• 750 வாட்ஸ் மிக்ஸி: 3.3 ஆம்பியர்

ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் இண்டக்ஷனும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் 17.4. எம்சிபி பொறுத்துக்கொள்ளும். கூடவே கெட்டிலையும் போட்டால் 23.9. இப்போது உடனே விழாது, பட்டை சூடாகி வளைந்த பிறகுதான் விழும். "அப்பல்லாம் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு ஏன்?" என்ற குழப்பத்துக்குப் பதில் இதுதான்.

முக்கியமான விஷயம் ஒன்று. எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் ஒயரை. உங்கள் டிவியையோ ஃப்ரிட்ஜையோ காப்பாற்ற அதை வைக்கவில்லை.

ஆர்சிசிபி ஏன் விழுகிறது?

இதன் வேலை வேறு. ஃபேஸ் வழியாக எவ்வளவு கரண்ட் உள்ளே போகிறதோ, அதே அளவு நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஆர்சிசிபி இந்த வரவு செலவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு இடித்தால், வழியில் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவர் வழியாகப் போகலாம். ஹீட்டரின் உலோக உடம்பு வழியாக எர்த்துக்குப் போகலாம். ஒரு மனிதரின் உடம்பு வழியாகவும் போகலாம்.

வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் அது விழ வேண்டும். 15க்கு மேல் எந்த இடத்திலும் விழலாம்.

30 மில்லி ஆம்பியர் எவ்வளவு சிறியது என்று புரிய ஓர் உதாரணம். 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று எடுப்பதே சுமார் 40 மில்லி ஆம்பியர். அதைவிடக் குறைந்த கரண்ட், உடம்பு வழியாகச் சில நொடிகள் தொடர்ந்து போனால் உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இந்த அளவு கண்ணிலேயே படாது. பாத்ரூமில் ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்சிபி பாட்டுக்கு ஆனில்தான் இருக்கும். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி மட்டும்தான்.

அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் தொட்டுவிட்டால், போன கரண்ட் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. கணக்கு சரியாக இருப்பதால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஓவர்லோடையும் ஷார்ட்டையும்கூட அது கவனிக்காது. அதனால்தான் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் வேண்டும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆர்சிபிஓ என்ற வகையும் கடைகளில் கிடைக்கிறது.

எப்போது விழுகிறது? நேரம் சொல்லும் துப்பு

எது விழுந்தது என்று பார்த்தாயிற்று. இனி நேரம்.

மேலே தள்ளிய அடுத்த நொடியே எம்சிபி விழுந்தால்: ஷார்ட் சர்க்யூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்ச் பாக்ஸுக்குள் பல்லி, எலி கடித்த ஒயர், படம் மாட்ட அடித்த ஆணி ஒயரில் இறங்கியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே ஷார்ட்டில் பெரிய கரண்ட் பாய்கிறது.

ஐந்து நிமிஷம், அரை மணி நேரம் கழித்து எம்சிபி விழுந்தால்: ஓவர்லோடு. அல்லது எம்சிபியின் ஸ்க்ரூ லூசாகி அந்த இடம் சூடாவதும் காரணமாக இருக்கலாம்.

மோட்டாரோ ஏசியோ கிளம்பும் நொடியில் மட்டும் விழுந்தால்: மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். பி வகை எம்சிபி அதைத் தாங்காமல் தட்டலாம். ரொம்ப நாளாக நன்றாக ஓடிக்கொண்டிருந்து இப்போதுதான் விழ ஆரம்பித்திருக்கிறது என்றால், கெப்பாசிட்டர் போயிருக்கலாம், பம்ப் இறுகியிருக்கலாம்.

மழை நாளில் மட்டும் ஆர்சிசிபி விழுந்தால்: எங்கோ ஈரம் இறங்குகிறது. மொட்டை மாடி லைட், கேட் லைட், காலிங் பெல், வெளிச்சுவர் பிளக் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தக் கதை ஆரம்பமாகும்.

நடு ராத்திரியில், யாரும் எதையும் தொடாதபோது ஆர்சிசிபி விழுந்தால்: தானாக ஆன் ஆகும் பொருள்களைக் கவனியுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பனியைக் கரைக்க ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அதில் கசிவு இருந்தால் அது ஆன் ஆகும் நேரமெல்லாம் வீடு இருட்டாகும். ஆட்டோமேட்டிக்காக ஓடும் தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான்.

இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு விழ ஆரம்பித்தால்: நியூட்ரல் கலந்துபோயிருக்கலாம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் வீட்டு லைனின் நியூட்ரலையும் தவறாக ஒன்றாக முறுக்கி வைத்துவிட்டால், ஆர்சிசிபியின் கணக்கு எப்போதும் இடிக்கும். ஆர்சிசிபியை மாற்றினாலும் தீராது. ஒயரிங்கைத்தான் பிரிக்க வேண்டும்.

ஃபேஸ் மாற்றிப் போட்ட பிறகு விழுந்தால்: மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் போனதும் செலக்டர் சுவிட்சைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்கு மாற்றுவது வழக்கம். அப்போது இரண்டு ஃபேஸ் சுமையும் ஒன்றிலேயே ஏறுகிறது. போன ஃபேஸ் திரும்பி வந்ததும் செலக்டரைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிடுவோம். மறுநாள் மாலை எல்லா ஏசியும் ஓடும்போது எம்சிபி விழும்.

எம்சிபி விழுந்தால் படிப்படியாகச் சோதிப்பது எப்படி?

இந்தச் சோதனைக்கு ஸ்க்ரூ டிரைவர் தேவையே இல்லை. பிளக்கும் சுவிட்சும் மட்டும்தான். ஏதாவது ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டிய கட்டம் வந்தால் அது எலெக்ட்ரீஷியன் வேலை. கை உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், டார்ச் பக்கத்தில் இருக்கட்டும். கருகிய வாடை வந்தாலோ, பெட்டி சூடாக இருந்தாலோ சோதனையே வேண்டாம். மெயினை ஆஃப் செய்துவிடுங்கள்.

1. எந்தெந்த அறையில், எந்தெந்த பாயிண்டில் கரண்ட் இல்லை என்று பாருங்கள். விழுந்த எம்சிபிக்கு உட்பட்ட பகுதி அதுதான்.

2. அந்தப் பகுதியில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். லைட், ஃபேன் சுவிட்சுகளை ஆஃப் செய்யுங்கள்.

3. எம்சிபியை முதலில் முழுசாகக் கீழே தள்ளி, பிறகு மேலே தள்ளுங்கள். சில வகைகளில் விழுந்த சுவிட்ச் பாதியில் நிற்கும். கீழே இறக்காமல் தள்ளினால் மாட்டாது, "ரிப்பேர் ஆயிடுச்சு" என்று நினைத்துவிடுவோம்.

4. எதுவும் சொருகாமலேயே விழுகிறதா? கோளாறு ஒயரிங்கில் அல்லது சுவிட்ச் பாக்ஸில். அந்த ஒரு எம்சிபியை ஆஃபில் விட்டுவிட்டு மற்ற பகுதிகளைப் பயன்படுத்தலாம். எலெக்ட்ரீஷியன் வரும் வரை அதைத் தொட வேண்டாம்.

5. நிற்கிறதா? லைட், ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாகச் சொருகி ஆன் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

6. குறிப்பிட்ட ஒரு பொருளை ஆன் செய்ததும் விழுந்தால் குற்றவாளி அதுதான். "வேற ரூம்ல சொருகிப் பார்ப்போம்" என்று தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நேராக சர்வீசுக்குக் கொடுங்கள்.

7. தனித்தனியாக எதற்கும் விழாமல், இரண்டு மூன்று சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால் ஓவர்லோடு. ஒரே நேரத்தில் போடாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஹீட்டர், இண்டக்ஷன், ஏசி போன்ற பெரிய பொருள்களுக்குத் தனித்தனி ஒயரும் தனித்தனி எம்சிபியும் போட வேண்டும்.

சோதிக்கும்போது பிளக் டாப்பையும் கவனியுங்கள். பழுப்பாகிப் போன பிளக், உருகிய ஓட்டை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து வரும் 'ஸ்ஸ்' சத்தம் ஆகியவை லூஸ் கனெக்‌ஷனின் அடையாளங்கள். எம்சிபி விழாவிட்டாலும் அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

ஆர்சிசிபி விழுந்தால்?

1. எல்லா எம்சிபியையும் கீழே தள்ளுங்கள். பிறகு ஆர்சிசிபியை மட்டும் மேலே தள்ளுங்கள்.

2. அப்போதும் விழுகிறதா? நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தைத் தொடலாம், அல்லது ஆர்சிசிபியே பழுதாகியிருக்கலாம். இது எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது.

3. நிற்கிறதா? எம்சிபிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது ஆர்சிசிபி விழுகிறதோ, கசிவு அந்தப் பகுதியில்.

4. அந்தப் பகுதியில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகி எது என்று கண்டுபிடிக்கலாம். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், மோட்டார் ஆகிய நான்கும்தான் வழக்கமான சந்தேக நபர்கள்.

பிளக்கைப் பிடுங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவரில் உள்ள சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றை எம்சிபியும் அப்படித்தான். நியூட்ரல் அப்படியே தொடர்பில் இருக்கும். ஒரு பொருளுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்சை ஆஃப் செய்தாலும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் விழுது" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

தனித்தனியாக எதற்கும் விழவில்லை, எல்லாம் சேர்ந்தால் விழுகிறது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் எலெக்ட்ரானிக் பகுதியிலிருந்து எர்த்துக்கு மிகச் சிறிய அளவில் கசிவு எப்போதும் இருக்கும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லி ஆம்பியராக இருந்தாலும், ஒரே ஆர்சிசிபியில் பத்து பொருள்கள் சேரும்போது அளவு எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். வீட்டை இரண்டு மூன்று ஆர்சிசிபிகளாகப் பிரிப்பதே இதற்கு வழி. இருக்கிற ஒன்றையும் கழற்றிவிடுவது வழி ஆகாது.

செய்யவே கூடாதவை

பெரிய எம்சிபி போடாதீர்கள். பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 முதல் 25 வரை என்று எம்சிபி போடுவார்கள். 1.5 ஒயர் இருக்கும் இடத்தில் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டினால் என்ன ஆகும்? அது 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை விட்டுவைக்கலாம். சாதாரண பிவிசி ஒயரின் உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ் வரைதான். எம்சிபி விழாது, "பிரச்சினை தீர்ந்துச்சு" என்று நிம்மதியாக இருப்போம். சுவருக்குள் ஒயரின் உறை வெந்துகொண்டிருக்கும். எம்சிபியின் அளவைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் ஒயரை மாற்ற வேண்டும்.

ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள். "சும்மா சும்மா விழுதுங்க, டைரக்டா கொடுத்துடட்டுமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கசிவு அங்கேயேதான் இருக்கும். அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் வாயடைத்துவிடுகிறோம்.

எர்த் ஒயரைத் துண்டிக்காதீர்கள். எர்த்தைக் கழற்றினால் ஆர்சிசிபி விழுவது நிற்கும் என்பது சில நேரம் உண்மைதான். எர்த் இருக்கும்வரை, ஹீட்டரில் கசிவு வந்த உடனேயே அது எர்த் வழியாகப் போய் ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் கசிவு ஹீட்டரின் உடம்பிலேயே காத்திருக்கும், முதலில் தொடும் ஆளுக்காக. மூன்று முள் பிளக்கின் மேல் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பாயிண்டில் சொருகுவதும் இதே தப்புதான்.

சுவிட்சை டேப் போட்டு நிறுத்தாதீர்கள். எம்சிபியின் உள் அமைப்பு, வெளியே பிடித்துவைத்தாலும் உள்ளே விழும்படியே செய்யப்பட்டிருக்கிறது. டேப் எந்தப் பயனும் தராது.

மீட்டர் பக்கம் இருக்கும் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்காதீர்கள். அது மின்வாரியத்தின் பொறுப்பில் இருப்பது.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்கலாம்?

ஒரு டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. "மெகர் இருக்கா?" என்று கேளுங்கள். ஒயரின் உறை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி அது. 500 வோல்ட் கொடுத்து அளக்கும்போது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அளப்பதற்கு முன் டிவி, கம்ப்யூட்டர் போன்ற எலெக்ட்ரானிக் பொருள்களை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அவை கெட்டுப்போகலாம். ஓவர்லோடு சந்தேகம் என்றால் க்ளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டிபி பாக்ஸில் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் கோளாறு தெரியவில்லை என்றால்தான் எம்சிபி மீது சந்தேகம் வர வேண்டும். பல வருஷம் ஓடிய, பல முறை ஷார்ட்டில் விழுந்த எம்சிபி தளர்ந்துபோவது உண்டு. மாற்றும்போது அதே ஆம்பியர், அதே வகை, ஐஎஸ்ஐ முத்திரை என்று மூன்றையும் பாருங்கள்.

பிரச்சினை எப்போது வெளியில் இருந்து வருகிறது? லைட்டுகள் திடீரென அளவுக்கு மீறிப் பிரகாசமாவது, சில அறைகளில் மங்குவது, ஃபேன் வேகம் தாறுமாறாக மாறுவது ஆகியவை நியூட்ரல் துண்டானதற்கான அறிகுறிகள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக வரலாம். உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குப் புகார் சொல்லுங்கள்.

வாடகை வீடு, பழைய வீடு என்றால்?

பழைய வீடுகள் பலவற்றில் ஆர்சிசிபி இருக்காது. சிலவற்றில் இன்னும் பீங்கான் ஃபியூஸ்தான். ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போடும் பழக்கமும் இருக்கிறது. பெரிய எம்சிபி போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் "இங்கே எதுவுமே ட்ரிப் ஆகாது" என்பது நல்ல செய்தி ஆகாது. கசிவு இருந்தாலும் சொல்ல ஆளில்லை என்று அர்த்தம். வாடகைக்குப் போகும்போது தண்ணீர் வருமா, பார்க்கிங் இருக்கா என்று கேட்பது போல, ஆர்சிசிபி இருக்கா, எர்த் இருக்கா என்பதையும் கேட்கலாம். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஹவுஸ் ஓனரிடம் பேசி ஒன்று போடச் சொல்லலாம். ஒரு பாத்ரூம் ஹீட்டர் வாங்கும் செலவைவிட இது குறைவாகத்தான் வரும்.

இன்றைக்கே செய்யக்கூடிய இரண்டு வேலைகள்

ஒன்று, எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று மார்க்கர் பேனாவில் எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் விழும்போது, வீட்டில் யார் இருந்தாலும் உதவும்.

இரண்டு, ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தினால் ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். விழுந்தால் மேலே தள்ளிவிட்டு, மாதம் ஒரு முறை இதே மாதிரி பாருங்கள். இந்தச் சோதனை ஆர்சிசிபியை மட்டும்தான் பார்க்கிறது, எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அழுத்தியும் விழவில்லை என்றால், வேறு எதையும் யோசிக்காமல் ஆர்சிசிபியை மாற்றிவிடுங்கள். பெட்டியில் உட்கார்ந்திருந்தாலும் தேவைப்படும் நேரத்தில் அது விழப்போவதில்லை.